கல்மேல் கோடும் நீர்மேல் கோடும்

கஷாயம் நான்கனுள் முதலாவது குரோதம். அக்குரோதத்தையும் நம் ஆசாரியர்கள் நான்கு படியாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை தந்திருக்கிறார்கள். கல்லின்மேல் கீறிய கோடு போன்றது அனந்தானுபந்தி. பூமியில் விழுந்த வெடிப்புப் போன்றது அப்ரத்யாக்யானம். புழுதியில் இழுத்த கோடு போன்றது ப்ரத்யாக்யானம். நீரின்மேல் இழுத்த கோடு போன்றது ஸஞ்ஜ்வலனம். முதலாவது பிறவிதோறும் தொடர்வது. இரண்டாவது ஆறு திங்களும், மூன்றாவது பதினைந்து நாளும், நான்காவது ஓர் அந்தர்முகூர்த்தமும் நிற்பவை எனக் கால அளவும் கூறப்பட்டுள்ளது. சமயப் பாடசாலையில் இதனை மனப்பாடம் செய்த பிள்ளைகள் நம் இல்லங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

இக்கணக்கு ஒரு ஜீவனின் சினத்தைக் குறித்தது. ஓர் ஊரின் சினத்துக்கு, ஓர் இனத்தின் சினத்துக்கு என்ன கணக்கு? பாட்டன் கண்ட தீயை, அன்று பிறந்தேயிராத பேரன் தன் கண்ணால் கண்டவன் போலச் சொல்லுகிறான். காயம் பட்டவர் மறைந்த பின்னும் காயம் மறைவதில்லை. ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே கிணற்றில் நீர் மொண்டு, பின்னர் போர்க்காலத்தில் ஒருவரால் ஒருவர் அழிவுற்ற இரு சமூகத்தார் மீண்டும் எங்ஙனம் பேசத் தொடங்குவது என்பதே இப்பாடத்தின் பொருள். தலைவர்கள் மேசையில் அமர்ந்து கையொப்பமிடும் உடன்படிக்கைகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் போதிய அளவு எழுதுகின்றன. நாம் காணப்போவது வேலியடியில் நின்று அண்டை வீட்டார் பேசும் பேச்சை.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நிகழ்ந்ததையும், அதன்பின் அவர்கள் பேச முயன்றதையும் சான்றாகக் கொள்கிறேன். அது அயல்நாட்டுச் செய்திதானே என்று கருத வேண்டா. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. அப்போரில் வீடிழந்தோர் நம் அண்டையாராகவே வாழ்கின்றனர். அதனினும் நெருங்கிய காரணம் ஒன்று உண்டு. செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் வாழும் சமணராகிய நமக்கும் இத்தகைய பழங்கதை ஒன்று இருக்கிறது. அதனை முதலில் பார்த்துவிட்டு இலங்கைக்குச் செல்வோம்.

செஞ்சிக் கதை

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் இக்கோட்டையின் பெயர் தொலைவிலும் கேட்கிறது. வருவோர் ராஜகிரி ஏறுவர். கல்யாண மகாலைக் காண்பர். தேசிங்குராஜன் கதை கேட்பர். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட அவ்விளைஞனுடைய கதையில், அவனுக்காக உயிர் கொடுத்த தோழன் ஒரு முஸ்லிம் வீரன் என்பதை நாட்டுப்புறப் பாடகர்கள் இருவருக்கும் ஒரே ஒப்பாரியாகப் பாடிவந்தனர். நம்மவர் சிலர் சிங்கவரம் பக்கம் திரும்பித் திருநாதர்குன்றம் சென்று, ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்ட இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டையும் வணங்கி மீள்வர்.

நான் சொல்லவந்த கதை கோட்டை வழிகாட்டிகள் சொல்வதன்று; நம் இல்லங்களில் வழிவழியாக வழங்குவது. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெஜட்டியரிலும் இது இடம்பெற்றது. கதையாகவே இதனைக் கொள்க. செஞ்சியை ஆண்ட ஒரு நாயக்கன், உயர்குலத்தார் தனக்குப் பெண் தரவேண்டும் என்று கேட்டானாம். அந்தணர், சமணர் கொடுத்தால் தாமும் கொடுப்பதாகச் சொல்லித் தப்பினராம். சமணருள் ஒருவர் பெண் தர இசைந்து நாளும் குறித்தார். மணநாளில் அரசன் பரிவாரத்தோடு வந்து பார்க்க, வீட்டில் ஒருவரும் இல்லை; பந்தற்காலில் ஒரு பெண்நாய் கட்டப்பட்டிருந்தது. சினங்கொண்ட அரசன் சமணர் அனைவரையும் சிரச்சேதம் செய்ய ஆணையிட்டான். பலர் மாண்டனர். பலர் நெற்றியில் நீறு பூசிச் சைவராகி உயிர் காத்தனர்; நீறுபூசி வெள்ளாளர் என்ற பெயர் அங்ஙனம் வந்தது என்பர். இது நிகழ்ந்தது 1478-ஆம் ஆண்டு என்று கதை குறிக்கிறது.

திண்டிவனத்துக்கு அருகே வேலூர் என்னும் சிற்றூரில் மறைவாக நோன்பியற்றிய ஒருவர் பிடிபட்டும் உயிர் பிழைத்துச் சிரவணபெளகொள சென்று துறவு பூண்டார், அவரே வீரசேனாசாரியார். தாயனூர்க் கங்கைய உடையார் உடையார்பாளையம் தலைவரிடம் அடைக்கலம் புகுந்தார். காலம் மாறியபின் ஊர் திரும்பிய உடையார், சிரவணபெளகொள சென்று ஆசாரியரை அழைத்துவந்தார். நீறு பூசியோருள் விரும்பியவர்களுக்கு மீண்டும் பூணூல் தந்து அவ்வாசாரியர் சமயத்தில் சேர்த்தார். இவ்வுதவி கருதியே தாயனூர்க் குடும்பத்தாருக்குச் சடங்குகளில் முதல் தாம்பூலம் தரும் வழக்கம் ஏற்பட்டது என்பர்.

இக்கதையை நாம் சொல்லும் முறையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிரச்சேதம் வரும் இடத்தில் குரல் தாழ்கிறது, கண் கலங்குகிறது. நாய் வரும் இடத்திலோ கேட்பவர் முகத்தில் சிரிப்பு எழுகிறது. பெண்ணை வலிந்து கேட்டவன் அரசனாயினும் மறுத்தது நேரிது. ஓர் அவமதிப்புக்காக ஒரு சமூகத்தையே கொல்லப் புகுந்தவனின் பாதகம் அந்நாயைக் காட்டிக் குறைந்துவிடாது. ஆயினும், கொடுக்கிறோம் என்று சொல்லி ஏய்த்தது மாயை. அவன் பிறப்பை இழித்து நாயைக் கட்டியது மானம். இரண்டும் கஷாயங்களே. நம் சமயம் ஐம்புலனுயிராக மதித்துக் காக்கச் சொல்லும் ஒரு ஜீவனை இழிவின் அடையாளமாக்கிய செயலை, நம் கதை இத்தனை தலைமுறையாக உறுத்தலின்றிச் சொல்லி வந்திருக்கிறது. இதனை நான் சுட்டுவது நம் முன்னோரைக் குறைகூற அன்று. எந்தச் சமூகமும் தன் துயரத்தை முழுதாகவும், தன் பங்கைச் சிரித்துக்கொண்டு அரைகுறையாகவும் நினைவில் வைக்கும். இது நமக்கும் பொது, யாழ்ப்பாணத்தாருக்கும் பொது. உரையாடல் எங்கே கடினமாகிறது என்பதை அறிய இவ்விடமே திறவுகோல்.

1990

யாழ்ப்பாண நகரில் சோனகத் தெரு என்று ஒரு பகுதி உண்டு. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தனர்; வணிகமும் தையலும் இரும்புக் கடைகளும் அவர்களுக்குப் பெயர் பெற்றவை. தமிழே அவர்கள் தாய்மொழி. இலங்கைக் குடியியற் சேவையில் முதன்முதலாகச் சேர்ந்த முஸ்லிம் என்ற பெருமைக்குரிய கல்வியாளர் ஏ. எம். ஏ. அஸீஸ் 1911-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். ஒரு முஸ்லிம் சிறுவன் சைவச் சூழலில் அமைந்த பள்ளிகளில் படித்துப் பேரறிஞனாக வளர்ந்தது அந்நாளில் வியப்பாகத் தோன்றவில்லை.

1983 ஜூலைக் கலவரத்தில் தென்னிலங்கைத் தமிழர் பட்ட துன்பத்தையும், அதன்பின் மூண்ட போரையும் நீங்கள் அறிவீர்கள். 1990-ஆம் ஆண்டு கிழக்கில் குருதி பெருகியது. ஆகஸ்டு 3-ஆம் நாள் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; விடுதலைப் புலிகள்மீது இக்குற்றம் சுமத்தப்பட்டது. அடுத்த வாரமே ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே திங்களில் அம்பாறை மாவட்டத்து வீரமுனை முதலிய ஊர்களில் தமிழர் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு சாரார்க்கும் சொல்வதற்கு ஒரு பட்டியல் உண்டாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் வடக்கில் வேறொன்று நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் புலிகளின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளில் வாழ்ந்த முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 30-ஆம் நாள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகிலிருந்த மைதானத்துக்கு வரவழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் நகரைவிட்டு நீங்கும்படி ஆணையிட்டனர். உடுத்த உடையோடும் மிகச் சிறு தொகையோடும் அவர்கள் நடந்தனர். நகையும் கடையும் வீடும் அங்கேயே நின்றன. மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக்குடிசை முகாம்களில் தங்கினர். சில திங்கள் என்று நினைத்தது இருபது ஆண்டாயிற்று. அங்கும் தண்ணீருக்கும் கூலிவேலைக்கும் பள்ளியிடங்களுக்கும் உள்ளூராரோடு உரசல் உண்டானது. உள்ளூராரும் முஸ்லிம்களே, துயரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் சமயம் ஒன்றாயிருந்தால் மட்டும் போதுவதில்லை.

தமிழர் பார்வையிலிருந்தும் இதனை நோக்க வேண்டும். அண்டை வீட்டார் பலர் அழுதனர், தடுக்க அஞ்சினர். துப்பாக்கி ஏந்தியவர்களை எதிர்த்துப் பேசியவர் பிழைத்திருப்பது அரிது. 1989 செப்டம்பர் 21-ஆம் நாள், எல்லாச் சாராரின் கொடுமைகளையும் அஞ்சாது பதிவு செய்த மருத்துவப் பேராசிரியை ராஜினி திராணகம யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டதை ஊரார் கண்டிருந்தனர். பின்னர்த் தமிழரும் அடுக்கடுக்காக இடம்பெயர்ந்தனர். 1995-இல் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பெருந்திரளாய் ஒரே இரவில் வெளியேறினர். 2009 மே வரை நீண்ட இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் அவர்கள் இழந்ததற்கு எல்லையில்லை. ஆகவே, 2009-க்குப் பின் முஸ்லிம் குடும்பங்கள் ஊர் திரும்பியபோது, அவர்களை எதிர்கொண்ட தமிழ்க் குடும்பமும் எல்லாம் இழந்து நின்றது. உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கும் நிலையில் எவரும் இல்லை.

பேச்சு எங்கே தடைப்பட்டது

தலைவர் மட்டத்தில் ஒரு சொல் வந்தது. 2002-ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், முஸ்லிம்களை வெளியேற்றியது நியாயப்படுத்த இயலாத அரசியல் தவறு என்று புலிகள் சார்பில் ஆன்டன் பாலசிங்கம் கூறினார். அடுத்த சில நாட்களிலேயே பிரபாகரனுக்கும் முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீமுக்கும் உடன்பாடு ஒன்று கையெழுத்தாயிற்று. அச்சொல்லை நான் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் மேடையிலிருந்து ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லும் வருத்தம், சோனகத் தெருவில் கதவும் ஓடும் பெயர்க்கப்பட்ட ஒரு வீட்டின் வாசலில் நிற்கும் பெண்ணின் செவியில் ஏறுவதில்லை. அந்தக் கதவு யார் வீட்டில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தோருக்கு எழுந்த சிக்கல்கள் பெரும்பாலும் சிறியவை போலத் தோன்றும்; தீராதவை அவையே. அரசின் உதவித் திட்டங்களில் 2008-க்குப் பின் இடம்பெயர்ந்தோர் புதியோர் என்றும், முன்னர் இடம்பெயர்ந்தோர் பழையோர் என்றும் பிரிக்கப்பட்டனர். புதியோருக்கே முதலிடம் கிடைத்தது. இருபதாண்டு முகாமில் கிடந்தவர் பழையவர் ஆகிவிட்டார். உறுதிப் பத்திரங்கள் தொலைந்திருந்தன. ஒரு குடும்பமாகப் போனது மூன்று குடும்பமாகத் திரும்பியது. நிலமோ பழைய அளவே. மன்னாரின் தெற்கே காடு மண்டிய பழைய காணிகளைத் துப்புரவு செய்தபோது, வனத்தை அழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வாக்காளர் பட்டியலில் புத்தளத்தில் பெயர் இருந்தால் மன்னாரில் உரிமை இல்லை என்றனர். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்தந்தையின் ஊர் கதையில் கேட்ட ஊர்தான். சில குடும்பங்கள் இரண்டிடத்திலும் ஒவ்வொரு காலாக நின்றன. உதவிப் பொருள் பங்கீட்டில் தமிழ் அலுவலர் ஒருவர் தாமதித்தால் அது அலுவலகத் தாமதமா, பழம்பகையா என்று அறிய வழியில்லை. ஐயம் புகுந்த இடத்தில் எல்லாம் பகையாகவே தோன்றும்.

இந்நிலையில்தான் சிறு முயற்சிகள் தோன்றின. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பதிவு செய்யக் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று அமைந்து, ஊர் ஊராக வாக்குமூலங்கள் பெற்று, 2011-இல் அறிக்கை வெளியிட்டது. அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது, எவரையும் தண்டிக்கவில்லை. நடந்தது நடந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டதே அதன் பயன். அரசு மட்டத்தில் 2016-இல் நல்லிணக்கம் குறித்த கலந்தாலோசனைச் செயலணி பதினொருவரைக் கொண்டு மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் அமைந்தது. அதன்கீழ்ப் பதினைந்து வட்டாரக் குழுக்கள், அந்தந்த ஊரில் வாழும் பொதுமக்களைக் கொண்டே இயங்கின. 7,306 முறையீடுகள் பெறப்பட்டன. 2017 ஜனவரியில் அறிக்கை வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையகத்தாரும் தத்தம் இழப்பைச் சொல்லினர். போரில் மாண்ட படைவீரர் குடும்பத்தாரும் சொல்லினர். அறிக்கை கூறிய பரிந்துரைகளுள் பெரும்பாலானவை ஏட்டிலேயே நின்றுவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதிருப்பது, கேளாதிருப்பதைவிட ஒருவகையில் கொடிது. இழப்பைச் சொன்னவர் இரண்டாம் முறையும் ஏமாந்தவர் ஆகிறார்.

தாயர் கூடும் இடம் வேறு. கொழும்புக்கு வடக்கே சீதுவைக்கு அருகில் ரத்தொலுவையில், காணாமற்போனோருக்கு ஒரு நினைவுச்சின்னம் உள்ளது. 1987 முதல் மூன்றாண்டுக் காலம் தென்னிலங்கையில் நடந்த கிளர்ச்சியின்போது இழுத்துச் செல்லப்பட்ட சிங்கள இளைஞர்களின் படங்கள் அதில் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் 27-ஆம் நாள் அவர்களுடைய குடும்பத்தார் அங்கே கூடுகின்றனர். வடக்கிலிருந்து தமிழ்த் தாயரும் வந்து கலந்திருக்கின்றனர். சிங்களத் தாயின் மகனையும் தமிழ்த் தாயின் மகனையும் கொண்டுபோனது ஒரே அரசின் படை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையிலுள்ள படம் தெரியும். எந்த மாநாட்டினும் இக்கூட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். இங்கே எவரும் எவரையும் மன்னிக்கச் சொல்லவில்லை.

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் ஊன்றி நோக்கத்தக்கது மட்டக்களப்பில் நடந்த ஒரு முயற்சி. 1996-இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்ற ஒன்றை அங்கே தொடங்கினர். கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், உளவியல் பயின்ற இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளும் அதனை உருவாக்கியவருள் முதன்மையானவர்கள். தமிழ் ஊர் ஒன்றிலிருந்தும் முஸ்லிம் ஊர் ஒன்றிலிருந்தும் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவருவர். தந்தை கொல்லப்படக் கண்ட பிள்ளைகள், பேச்சிழந்த பிள்ளைகள் அவர்களுள் இருந்தனர். வாரம் ஒருநாள் வீதம் பல திங்கள் அவர்கள் ஒன்றாக மண்ணில் உருவம் செய்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டினர், செடியும் விலங்கும் வளர்த்தனர், இறுதியில் நாடகம் நடித்தனர். சமாதானம் என்னும் சொல்லை எவரும் அவர்களுக்குப் பாடமாக நடத்தவில்லை.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. தமிழ்ப் பிள்ளையையும் முஸ்லிம் பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்து, உன் மனத்தில் உள்ளதைச் சொல் என்றால், பிள்ளை தன் வீட்டுப் பெரியோர் சொன்னதையே ஒப்பிக்கும். இருவர் கையிலும் ஒரே களிமண்ணைத் தந்தால் இருவர் கண்ணும் மண்ணின்மேல் இருக்கும். பேச்சு பக்கவாட்டில் தானே வரும். பின்னர்ப் பேருந்து ஊருக்குத் திரும்பும்போது, பிள்ளைகளை அழைக்க வந்த தாய்மார் மற்ற ஊர்ப் பிள்ளையின் பெயரை முதன்முதல் கேள்விப்படுகின்றனர். பெயர் தெரிந்த பிள்ளையின் ஊருக்குத் தீ வைக்கக் கை தயங்கும். இது எல்லா இடத்திலும் பலித்தது என்று நான் சொல்லவில்லை. 2004-இன் ஆழிப்பேரலையும், பின்னர் மீண்டும் மூண்ட போரும் அம்மாவட்டத்தில் பல நட்புகளை அறுத்தன. ஆயினும் வகுப்பறையில் அமர்ந்து அன்பைப்பற்றிக் கட்டுரை எழுதச் செய்வதினும் இது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெரியவர்களுக்கு வேறு நாடுகள் வேறு வழி கண்டன. தென்னாப்பிரிக்காவில் 1996-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் பொதுமன்றத்தில் விசாரணை நடத்தியது. உண்மையை முழுதும் சொன்னவர் பொதுமன்னிப்புப் பெறலாம் என்றது. உண்மை வெளிவந்தது, இழந்தவருக்குரிய ஈடு தாமதித்தும் குறைந்தும் வந்தது என்ற மனக்குறை இன்றும் அங்கே உள்ளது. ருவாண்டாவில் 2002 முதல் 2012 வரை கச்சாச்சா என்னும் ஊர்மன்றங்கள் புல்தரையில் கூடிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. கொன்றவனும் கொல்லப்பட்டவனின் மனைவியும் ஒரே ஊரில்தான் மீண்டும் வாழவேண்டியிருந்தது. அங்கும் அரசுக்கு ஒவ்வாத உண்மைகள் பேசப்படவில்லை என்பர்.

ஆவச்யக வரிசை

இனி நம் சமயம் இதற்கு என்ன தருகிறது என்று பார்ப்போம். யானையைத் தடவிய குருடர் கதையைச் சொல்லி அநேகாந்தம் என்று முடிப்பது எளிது. இவ்விடத்தில் அது போதாது. அநேகாந்தம் எல்லாரும் சரி என்று கூறுவதன்று. இரண்டு மணி நேரத்தில் வீடிழந்தவளும், துப்பாக்கியோடு வாசலில் நின்றவனும் சமமாகக் குற்றவாளிகள் என்று எந்த நயமும் சொல்லாது. ஒரு நயத்தை மட்டும் பற்றி அதுவே முழுமை என்று சாதிப்பதையே அது விலக்குகிறது. முஸ்லிம் அகதியின் துயரத்தை ஒப்புக்கொண்டால் தமிழனின் துயரம் பொய்யாகிவிடும் என்று அஞ்சுபவன் ஏகாந்தவாதி. மறுதலையாக அஞ்சுபவனும் அவ்வாறே.

எனக்குப் பெரிதும் வழிகாட்டுவது ஆறு ஆவச்யகங்களின் வரிசை. முதலில் சாமாயிகம்; மனம் சமநிலையில் நிற்றல். பின்னர்த் தீர்த்தங்கரர் துதி, வந்தனை. அதன்பின்னரே பிரதிக்கிரமணம், செய்த குற்றத்தை எடுத்துரைத்து அதிலிருந்து பின்வாங்குதல். அடுத்துப் பிரத்தியாக்கியானம், இனிச் செய்யேன் என்று விலக்குதல். கடையில் காயோத்ஸர்க்கம். குற்றத்தைப் பெயர் சொல்லிக் கூறாமல் பொதுவாக வருந்துவதைப் பிரதிக்கிரமணம் என்று நம் முனிவர்கள் ஏற்பதில்லை. இனிச் செய்யேன் என்னும் விலக்கு பின்தொடராத வருத்தமும் முழுமையன்று. 2002-இன் மேடைச் சொல்லையும், 2017-இன் அறிக்கையையும் இவ்வரிசையில் வைத்துப் பாருங்கள். எங்கே நின்றுபோயின என்பது புலப்படும்.

பிரதிக்கிரமணத்தை நாள்தோறும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு திங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என வகுத்ததன் காரணத்தைத் தொடக்கத்தில் கூறிய உவமைகளோடு சேர்த்துப் பாருங்கள். நீரில் இட்ட கோடு புழுதியில் இறங்காமலும், புழுதிக்கோடு மண்ணின் வெடிப்பாகாமலும், வெடிப்புக் கல்லில் ஏறாமலும் தடுக்கும் தவணைகள் இவை. இருபது ஆண்டு எவரும் பேசாதிருந்தால் கோடு எங்கே சென்றிருக்கும்? அதனால், அங்கே இரு சமூகத்துப் பெண்களும் ஆசிரியர்களும் திங்கள்தோறும் கூடிப் பள்ளிக் கழிவறையைப் பற்றியும் கிணற்றுச் சுவரைப் பற்றியும் பேசுவதாயினும் நன்றே. ஆண்டு விழாவில் ஒருநாள் கட்டித் தழுவுவதைவிட அது பயன் தரும்.

தசலக்ஷண பர்வத்தின் முதல் தர்மம் உத்தம க்ஷமை. பர்வம் முடிந்தபின் நாம் எல்லாரிடமும் பொறுத்தருளக் கேட்கிறோம். இதில் நம் குடும்பங்கள் மறந்துவிடும் ஒன்று, கேட்பது மட்டுமே கேட்பவன் கடமை என்பது. கொடு என்று வற்புறுத்தும் உரிமை அவனுக்கு இல்லை. நான் கேட்டுவிட்டேனே, இன்னுமா உன் மனம் இறங்கவில்லை என்று காயம்பட்டவரை மீண்டும் குற்றவாளி ஆக்கும் பழக்கம் வீட்டிலும் உண்டு, நாட்டிலும் உண்டு. வீடிழந்தவர் பொறுப்பதற்குப் பத்தாண்டு ஆகலாம். பொறாமலே போகவும் செய்யலாம். அவருடைய வீட்டுக் கதவைத் திருப்பித் தருவது அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

மற்றொன்று. நம்முள் சிலர் ஆண்டுதோறும் பொறுத்தருளக் கேட்பது உறவினரிடமும் சமயத்தாரிடமும் மட்டுமே. தொலைபேசியில் ஒரே செய்தியை நூறு பேருக்கு அனுப்பி முடித்துவிடுகிறோம். சண்டையிட்டவரின் பெயர் அந்த நூறில் இருப்பதில்லை. வயலில் வரப்புத் தகராறு உள்ளவர், வாடகை பாக்கிக்காக நாம் கடிந்து பேசியவர், நம் வீட்டில் வேலை செய்து மனம் நொந்து நின்றவர் ஆகியோரின் வாசலுக்கு நாம் போவதில்லை. இலங்கையில் சிலர் துப்பாக்கியின் நிழலில் செய்யத் துணிந்ததை நாம் பாதுகாப்பான தெருவில் செய்யத் தயங்குகிறோம்.

குடும்பத்தோடு படிக்கும் வாசகர்க்கும் பாடசாலை ஆசிரியர்க்கும் சில குறிப்புகள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் செஞ்சிக் கதையை முழுதும் சொல்லுங்கள். நாயை விட்டுவிட வேண்டா. பின்னர் அதே கதையை அரசனின் அரண்மனைப் பணியாள் ஒருவன் சொல்வதாக எழுதச் செய்யுங்கள். அடுத்து, மணப்பெண் சொல்வதாக எழுதச் செய்யுங்கள். அவளை நம் கதை இதுவரை ஒரு சொல்லும் பேசவிட்டதில்லை. நீறு பூசிக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டவர் ஒருவர், திரும்பி வந்த உடையாரைத் தெருவில் கண்டபோது என்ன பேசியிருப்பார் என்று இருவர் இருவராக நடிக்கச் செய்யலாம். பெரியோர் தமக்குள் பேசிப் பார்க்க ஒரு வினா: திரும்பி வராதவர்களை, சைவராகவே நின்றுவிட்டவர்களை, நம்மவர் பின்னர் எங்ஙனம் நடத்தினர்? அவர்கள் வீட்டுத் திருமணத்துக்குப் போனோமா? தாயனூர், வீடூர், சித்தாமூர் முதலிய ஊர்களில் எண்பது கடந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். விடை அவர்களிடம் இருக்கக்கூடும். அடுத்த பர்வத்துக்கு முன்னரே சென்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.